பிள்ளை பெறவும் ஒரு பாடசாலை!

காசு கேட்காத பாடங்கள். உயிரைக் காக்கும் பாடங்கள்

"பிள்ளை பெறுவதற்கெல்லாம் ஒரு வகுப்பா? எங்கள் காலத்தில் யார் எங்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள்? ஏழு பெறவில்லையா நான்?"

கர்ப்பிணியான பேத்தி வகுப்புக்குப் புறப்படும்போது வீட்டுக் கூடத்திலிருந்து இப்படி ஒரு குரல் எழுவது இன்றும் உண்டு. பாட்டி சொல்வது பொய்யல்ல. ஏழு பெற்றது உண்மைதான். ஆனால், "ஏழில் தங்கியது எத்தனை, பாட்டி?" என்று பேத்தி திருப்பிக் கேட்டு விட்டால், பாட்டி சிறிது நேரம் பேசமாட்டாள். பிறகு மெல்ல விரல்களை மடக்குவாள். மூத்தது மூன்றாம் நாளே போய் விட்டது. நடுவில் ஒன்று பதினோரு நாள் இருந்தது. பால் குடிப்பதை நிறுத்திற்று. அப்படியே கண்ணை மூடி விட்டது. ஏன் போயிற்று? அன்றும் அவளுக்குத் தெரியாது, இன்றும் தெரியாது. "கொடுத்தவன் எடுத்துக் கொண்டான்" என்று சொல்லி முந்தானையால் கண்ணைத் துடைத்துக் கொள்வாள்.

அந்த "ஏன்?" என்ற கேள்விக்கு விடை சொல்வதற்காகத்தான் இந்த வகுப்புகள்.

1971-ஆம் ஆண்டில் இந்தியாவில் பிறந்த ஒவ்வோர் ஆயிரம் குழந்தைகளிலும் 129 குழந்தைகள் முதல் பிறந்த நாளைக் காணாமலே மறைந்தன. 2020-ஆம் ஆண்டுக் கணக்கில் அந்த எண்ணிக்கை 28 ஆகக் குறைந்து விட்டது. தமிழ்நாட்டில் அது 13 தான். ஆஸ்பத்திரிகளும், தடுப்பூசியும், சாலைகளும் செய்த சாதனை இது. ஆயினும் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியாவில் இறந்த அந்த 28 குழந்தைகளில் 20 குழந்தைகள் பிறந்த 28 நாட்களுக்குள்ளேயே இறந்திருக்கின்றன. அதாவது, கண்டத்தின் பெரும் பகுதி முதல் நான்கு வாரங்களில்தான் இருக்கிறது. அந்த நாட்களில் குழந்தை யார் கையில் இருக்கிறது? டாக்டர் கையில் அல்ல. தாயின் மடியிலும் பாட்டியின் கையிலும்தான்.

காட்டு ஜில்லாவில் ஒரு சோதனை

"வகுப்பில் நாலு வார்த்தை கேட்டு விட்டால் உயிர் தங்கி விடுமா?" என்று சந்தேகப்படுகிறவர்கள் மகாராஷ்டிரத்திலுள்ள கட்சிரோலி ஜில்லாவின் கதையைக் கேட்க வேண்டும்.

காடுகள் நிறைந்த, பழங்குடி மக்கள் மிகுந்த ஜில்லா அது. டாக்டர் அபய் பங், டாக்டர் ராணி பங் என்ற தம்பதிகள் அமெரிக்காவில் பொதுச் சுகாதாரம் படித்துத் திரும்பிய பின், 1980-களின் நடுவில் அங்கே போய்ப் பணியைத் தொடங்கினார்கள். அந்தக் கிராமங்களில் பெரும்பாலான பிரசவங்கள் வீட்டிலேயே நடந்தன. பிறந்த குழந்தைகளில் ஆயிரத்துக்கு 62 குழந்தைகள் ஒரு மாதத்துக்குள் இறந்து கொண்டிருந்தன. பெரிய ஆஸ்பத்திரி கட்டிக் குழந்தைகள் வரட்டும் என்று காத்திருந்தால், காத்திருப்பதே மிச்சமாகும்!

எனவே டாக்டர்கள் வேறு வழியில் போனார்கள். 39 கிராமங்களில், அந்தந்த ஊரிலேயே வாழ்கிற, ஓரளவு பள்ளிப் படிப்புள்ள பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பாடம் சொல்லிக் கொடுத்தார்கள். குழந்தையை எடை போடுவது, உடம்புச் சூட்டைப் பார்ப்பது, மூச்சை எண்ணுவது, மூச்சு விடாமல் பிறந்த சிசுவுக்கு மூச்சு வர வைப்பது, கதகதப்பாக வைப்பது, தாய்ப்பால் கொடுக்கத் தாய்க்கு உதவுவது, சீழ்க் கிருமி தாக்கியதன் அடையாளங்களைக் கண்டுபிடித்து மருந்து கொடுப்பது – இவைதாம் பாடங்கள். தாய்மாருக்கும் பாட்டிமாருக்கும்கூடத் தனியே பாடம் நடந்தது.

மூன்றாம் ஆண்டு முடிவில் கணக்கெடுத்தார்கள். 62 ஆக இருந்த மரணம் சுமார் 25 ஆக இறங்கியிருந்தது! பாடம் நடக்காத பக்கத்துக் கிராமங்களில் அது ஏறக்குறைய 60 ஆகவே நின்றது. 1999-இல் இந்த முடிவு லண்டனிலிருந்து வெளிவரும் 'லான்செட்' என்ற வைத்தியப் பத்திரிகையில் வெளியாயிற்று. பின்னர் இந்திய அரசாங்கம் இதே முறையை 2011 முதல் நாடெங்கும் மேற்கொண்டது. ஆஸ்பத்திரியில் பிறந்த குழந்தையையும் 3, 7, 14, 21, 28, 42 ஆகிய நாட்களில் சுகாதாரப் பணியாளர் வீடு தேடி வந்து பார்க்க வேண்டும் என்பது அதன் விதி.

அப்படி உயிரைத் தாங்கி நின்ற பாடங்கள் எவை? ஆஸ்பத்திரி வகுப்பானாலும் சரி, ஆரம்ப சுகாதார நிலையத்தின் வேப்ப மரத்தடி வகுப்பானாலும் சரி, சாரம் ஒன்றுதான்.

முதல் பாடம்: அச்சமே முதல் பகை

பிரசவம் என்றதும் பயம் வருவது இயற்கை. பக்கத்து வீட்டம்மாள் சொன்ன கதைகளும் சினிமாவில் கேட்ட கூச்சலும் சேர்ந்து அதை இரட்டிப்பாக்கி விடுகின்றன. பயந்தால் உடம்பு விறைக்கிறது. விறைத்தால் வலி அதிகரிக்கிறது. வலி அதிகரித்தால் பயம் மேலும் வளர்கிறது. இந்தச் சக்கரத்தை எடுத்துக் காட்டியவர் கிரான்ட்லி டிக்-ரீட் என்ற ஆங்கிலேய டாக்டர். 1933-இல் அவர் இதைப் பற்றி ஒரு நூலே எழுதினார். பின்னர் பிரான்சு தேசத்து டாக்டர் லமாஸ், 1951-இல் சோவியத் நாட்டில் கண்ட முறையைத் தழுவி, மூச்சுப் பயிற்சியைக் கர்ப்பிணிகளுக்குக் கற்பித்தார். இன்றைய வகுப்புகளுக்கெல்லாம் வித்து அங்கேதான்.

மூச்சுப் பயிற்சியால் வலி மாயமாய் மறைந்து விடாது. ஆனால் வலி வரும்போது நீளமாக, நிதானமாக மூச்சு விடவும், வலி விட்ட இடைவேளையில் உடம்பைத் தளர்த்தி இளைப்பாறவும் தெரிந்தவள், பாதி வழியில் சோர்ந்து போகமாட்டாள். முதல் பிரசவத்தில் வலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அது தெரியாமல், இரண்டாவது மணியிலேயே "முக்கு, முக்கு!" என்று சுற்றி நின்று அவசரப்படுத்துவது பெரும் தவறு. கருப்பையின் வாய் முழுவதும் திறக்கும் முன் முக்கினால் தாய் களைத்துப் போவாளே தவிரக் குழந்தை வராது. முடிந்தவரை நடக்கலாம், உட்காரலாம், இடது பக்கமாய் ஒருக்களித்துப் படுக்கலாம். மல்லாந்தே படுத்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

பக்கத்தில் தாயோ, அக்காளோ, கணவனோ ஒருவர் இருந்து கையைப் பிடித்துக் கொண்டால் பிரசவ நேரம் குறைகிறது. ஆபரேஷன் தேவைப்படுவதும் குறைகிறது. இது வெறும் ஆறுதல் பேச்சல்ல, ஆராய்ந்து கண்ட உண்மை. தமிழ்நாட்டு அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பிரசவத் துணையாக ஒரு பெண்ணை உடன் இருக்க விடுகிறார்கள். யார் அந்தத் துணை என்பதை முன்னதாகவே தீர்மானித்து, அவரையும் வகுப்புக்கு அழைத்துச் செல்வது நல்லது.

பொய் வலியா, மெய் வலியா?

நள்ளிரவில் வயிறு இறுகுகிறது. வீடே எழுந்து விளக்கைப் போடுகிறது. காரைக் கூப்பிடுவதா, காலை வரை பார்ப்பதா?

பொய் வலி ஒழுங்கில்லாமல் வரும். சற்று நடந்தாலோ, படுத்தாலோ தணிந்து விடும். மெய் வலி இடுப்பில் தொடங்கி முன்பக்கம் சுற்றி வரும். நேரம் ஆக ஆக இடைவெளி குறையும், வேகம் கூடும். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு முறை வலி வந்து, ஒரு மணி நேரம் அப்படியே நீடித்தால் கிளம்ப வேண்டியதுதான். முன்பே பெற்றவளும், ஆஸ்பத்திரி தூரத்தில் உள்ளவளும் அவ்வளவு நேரம் காத்திருக்கக் கூடாது.

வலியே இல்லாவிட்டாலும் உடனே புறப்பட வேண்டிய சந்தர்ப்பங்கள் சில உண்டு. பனிக்குடம் உடைவது, இரத்தம் படுவது, குழந்தையின் துடிப்பு வழக்கத்துக்குக் குறைவது, தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், முகமும் கையும் திடீரென்று வீங்குதல், வலிப்பு, கடும் காய்ச்சல், 37 வாரம் நிறையும் முன்பே வலி காண்பது. இவற்றில் எதைக் கண்டாலும், "விடியட்டும், பார்க்கலாம்" என்ற பேச்சுக்கே இடமில்லை.

தாய்மார்களின் மரணத்தை ஆராய்ந்தவர்கள் அதில் மூன்று தாமதங்களைக் கண்டார்கள். புறப்படத் தீர்மானிப்பதில் தாமதம். போய்ச் சேருவதில் தாமதம். சேர்ந்த இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் தாமதம். இவற்றில் முதல் தாமதம் முழுக்க முழுக்க வீட்டாரின் கையில் இருக்கிறது. "மாமியார் வரட்டும்", "அவர் வேலையிலிருந்து திரும்பட்டும்", "ராகு காலம் கழியட்டும்" – இப்படிக் கழிந்த ஒரு மணி நேரத்தில் எத்தனை வீடுகளின் விளக்கு அணைந்திருக்கிறது! எந்த ஆஸ்பத்திரி, எந்த வண்டி, யார் உடன் வருவது, யார் இரத்தம் கொடுப்பது, பணம் எங்கே இருக்கிறது என்ற ஐந்தையும் எட்டாம் மாதத்திலேயே எழுதிச் சுவரில் ஒட்டி வைக்கச் சொல்கிறார்கள் வகுப்பில். 108 என்ற எண்ணை வீட்டிலுள்ள சிறு பையனும் அறிந்திருக்க வேண்டும்.

குழந்தை பிறந்து விட்டால் கண்டம் தாண்டி விட்டதாக எண்ணுவதும் பிழை. பிரசவத்துக்குப் பின் வரும் இரத்தப் பெருக்கு சில மணி நேரத்தில் உயிரைக் கொண்டு போய் விடும். துணி விரைவாய் நனைந்து கொண்டேயிருந்தால், "இதெல்லாம் வழக்கம்தான்" என்று சும்மா இருக்கலாகாது; நர்ஸை உடனே கூப்பிட வேண்டும்.

முதல் நிமிஷமும் முதல் மணியும்

பிறந்த குழந்தையைத் தலைகீழாகத் தூக்கி முதுகில் அறையும் காட்சி பழைய படங்களில் வரும். அது இப்போது இல்லை. உலர்ந்த துணியால் ஒற்றித் துடைப்பதே குழந்தையை அழ வைக்கப் பெரும்பாலும் போதுமானது. துடைத்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பின்மேல் கிடத்தி, மேலே துணியைப் போர்த்துகிறார்கள். தொப்புள்கொடியையும் பதறி அறுப்பதில்லை. ஒரு நிமிஷமாவது பொறுக்கிறார்கள். அந்த நேரத்தில் நஞ்சுக்கொடியிலிருந்து குழந்தைக்குப் போய்ச் சேரும் இரத்தம், பின்னால் வரும் சோகையைத் தடுக்கிறது.

முதல் மணி நேரத்துக்குள் தாய்ப்பால். இதில்தான் பாட்டிமாருக்கும் பேத்திமாருக்கும் பெரிய வழக்கு! சீம்பால் கெட்டது என்று பீய்ச்சி எறிவதும், யார் கையால் சேனை வைப்பது என்று பார்த்துச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தடவுவதும், கழுதைப் பால் தேடி அலைவதும் சில இடங்களில் இன்னும் நிற்கவில்லை. அந்த மஞ்சள் நிறச் சீம்பாலில்தான் நோயைத் தடுக்கும் சக்தி நிரம்பியிருக்கிறது. அது கொஞ்சமாகத்தான் ஊறும். முதல் நாளில் குழந்தையின் வயிறும் கொஞ்சம்தான் கொள்ளும். இயற்கை அளந்துதான் வைத்திருக்கிறது.

"பால் ஊறவில்லையே" என்று அழாத இளந்தாய் அபூர்வம். குழந்தை சப்பச் சப்பத்தான் பால் ஊறும். இரவும் பகலும் சேர்த்து நாளொன்றுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை கொடுக்க வேண்டும். காம்பை மட்டும் குழந்தை கவ்வினால் தாய்க்குப் புண்ணும் குழந்தைக்குப் பசியும்தான் மிச்சம். வாயை அகலத் திறந்து கரு வளையத்தின் பெரும் பகுதியையும் சேர்த்துக் கவ்வ வேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் குழந்தை தினம் ஆறு முறைக்குக் குறையாமல் சிறுநீர் கழித்தால் பால் போதுகிறது என்று அர்த்தம். முதல் சில நாட்களில் எடை சற்றுக் குறைவது வழக்கம். இரண்டு வாரத்துக்குள் அது மீண்டு விடும். இதைக் கண்டு பயந்து புட்டிப்பாலுக்கு ஓடுவதால்தான் தாய்ப்பால் வற்றுகிறது. ஆறு மாதம் முடியும் வரை தாய்ப்பால் தவிர வேறு எதுவும் வேண்டாம். சித்திரை வெயிலிலும் தண்ணீர்கூட வேண்டாம்.

தாயின் மார்பே அடுப்பு

பிறந்த குழந்தைக்குத் தன் சூட்டைக் காத்துக் கொள்ளத் தெரியாது. அதனால்தான் பிறந்தவுடன் குளிப்பாட்டுவதை டாக்டர்கள் தடுக்கிறார்கள். 24 மணி நேரமாவது பொறுக்க வேண்டும். எடை குறைந்த குழந்தையானால் இன்னும் தள்ளிப் போட வேண்டும்.

1978-இல் கொலம்பியா நாட்டுத் தலைநகரான போகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர், எடை குறைந்த குழந்தைகளை வைக்கக் கண்ணாடிப் பெட்டிகள் போதாமல் தவித்தார். கங்காரு தன் குட்டியைப் பையில் சுமப்பது போல், குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துத் துணியால் கட்டிவிடச் செய்தார். பெட்டிக்குப் பதிலாக வந்த அந்த உபாயம் இன்று உலகெங்கும் சிகிச்சையாகவே ஏற்கப்பட்டு விட்டது. இரண்டரைக் கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குத் தாயின் மார்பைப்போல் வேறு மருந்து இல்லை. தாய் களைத்திருந்தால் தந்தையும் சுமக்கலாம். மீசை வைத்த ஆண்பிள்ளை குழந்தையை மார்பில் கட்டிக் கொண்டு உட்கார்ந்திருப்பதைக் கண்டு யாரும் சிரிக்க வேண்டியதில்லை!

கையைக் கழுவினீர்களா?

1847-இல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியில் செம்மல்வைஸ் என்ற டாக்டர் ஓர் அதிசயத்தைக் கண்டார். மருத்துவச்சிகள் பார்த்த வார்டைவிட டாக்டர்கள் பார்த்த வார்டில்தான் தாய்மார்கள் அதிகம் இறந்தார்கள். பிண அறுவைக் கூடத்திலிருந்து டாக்டர்கள் கையைச் சரியாகக் கழுவாமல் பிரசவம் பார்க்க வந்ததே காரணம் என்று அவர் கண்டுபிடித்தார். குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவச் செய்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் ஜூனில் 2 ஆகக் குறைந்தது. அவருடைய பேச்சை அந்நாளைய பெரியவர்கள் பலர் ஏற்கவில்லை. 1865-இல் மனநோய் விடுதியில் அவர் மாண்டார்.

அவர் சொன்ன பாடம் இன்றும் முதல் பாடமே. குழந்தையைப் பார்க்க வரும் உற்றார் உறவினர் ஆளுக்கொரு முறை தூக்கி முத்தமிடுகிறார்கள். அதற்குமுன் சோப்புப் போட்டுக் கை கழுவினால் போதும். "கையைக் கழுவிவிட்டு வாருங்கள், அத்தை" என்று சொல்வது மரியாதைக் குறைவாகாது.

கொடியின் மேல் சாம்பல், சாணம், மஞ்சள், எண்ணெய் எதுவும் வேண்டாம். உலர்ந்து இருக்க விட்டால் ஒன்றிரண்டு வாரத்தில் தானே விழுந்து விடும். குளிப்பாட்டும்போது மூக்கில் ஊதுவதும், காதில் எண்ணெய் விடுவதும், கண்ணுக்கு மை தீட்டுவதும், வசம்பை உரைத்துப் புகட்டுவதும், சாம்பிராணிப் புகையில் காட்டுவதும் இன்று விலக்க வேண்டியவை. தூங்க வைக்கும்போது மல்லாத்தியே படுக்க வைக்க வேண்டும். முகத்தருகே தலையணை கூடாது.

பாட்டிக்குத் தெரியாமல் போன விடை

பால் குடிக்க மறுத்தல், வலிப்பு, நிமிஷத்துக்கு அறுபதோ அதற்கு மேலோ மூச்சு வாங்குதல், மூச்சு விடும்போது மார்பு உள்ளே குழிதல், உடம்பு கொதித்தல் அல்லது சில்லிட்டுப் போதல், தட்டி எழுப்பினாலன்றி அசையாமல் கிடத்தல், முதல் நாளிலேயே மஞ்சள் காணுதல், அல்லது உள்ளங்கை உள்ளங்கால் வரை மஞ்சள் பரவுதல் – இவை பிறந்த குழந்தையின் அபாயக் குறிகள். இவற்றில் ஒன்று கண்டாலும் அந்த மணியே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மஞ்சளுக்கு வெயிலில் காட்டுவது சிகிச்சையாகாது, மந்திரிப்பதும் ஆகாது.

பாட்டியின் பதினோரு நாள் குழந்தை "பால் குடிப்பதை நிறுத்திற்று" அல்லவா? அதுதான் அன்று அந்தக் குழந்தை பேசிய பேச்சு. அந்தப் பாஷை தெரிந்தவர் அன்று வீட்டில் இல்லை.

தாயையும் மறக்க வேண்டாம்

குழந்தையைச் சுற்றி எல்லோரும் கூடி விடுகிறார்கள். பெற்றவள் மூலையில் கிடக்கிறாள். பத்தியம் என்ற பெயரால் தண்ணீரைக் குறைப்பதும், காய்கறியை நிறுத்துவதும் பாலூட்டுகிறவளுக்குச் செய்யும் கொடுமை. அவளுக்கு வழக்கத்தைவிட அதிகமாகவே சாப்பாடு வேண்டும்.

முதல் சில நாட்களில் காரணமில்லாமல் அழுகை வரும். இரண்டு வாரத்துக்குள் அது தானே தெளியும். தெளியாமல் நீடித்தால், தூக்கமும் பசியும் போய், குழந்தையிடமே பற்றில்லாமல் இருந்தால், அது நோய். திமிரும் அல்ல, பேயும் அல்ல. சிகிச்சையால் குணமாகும்.

யார் படிக்க வேண்டும்?

மாதந்தோறும் 9-ந் தேதி அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கர்ப்பிணிகளுக்கு இலவசப் பரிசோதனை நடத்தும் திட்டம் 2016 முதல் நடந்து வருகிறது. அங்கே கர்ப்பிணி மட்டும் போய் வந்தால் பாதிப் பயன்தான். புறப்படத் தீர்மானிப்பவர் கணவர்; சேனை வைப்பவர் மாமியார்; குளிப்பாட்டுபவர் பாட்டி. பரீட்சை எழுதப் போகிறவர்கள் இவர்களாக இருக்க, பாடம் மட்டும் மருமகளுக்கா?

பாட்டி செய்ததெல்லாம் பிழை என்று சொல்லி அவளை ஒதுக்கி விடவும் கூடாது. பிள்ளை பெற்றவளை வேலை வாங்காமல் உட்கார வைத்து ஊட்டியவள் அவள். இரவெல்லாம் விழித்துத் தாலாட்டியவள் அவள். கையைச் சூடு செய்து இதமாகக் குழந்தையைத் தேய்த்து விட்டவள் அவள். கட்சிரோலியில் பாட்டிமாரை விலக்கவில்லை. அழைத்து உட்கார வைத்துப் பாடம் சொன்னார்கள்.

ஆகையால் அடுத்த முறை பேத்தி வகுப்புக்குப் புறப்படும்போது, "நீயும் வா, பாட்டி" என்று கையைப் பிடித்து அழைக்கட்டும். மூச்சை எண்ணவும், பால் மறுப்பதன் பொருளை அறியவும் பாட்டி கற்றுக் கொள்ளட்டும். தங்காமல் போன குழந்தைகளை இன்றும் விரல் மடக்கி எண்ணுகிறவள் அவள். இந்தப் பாடத்தின் அருமை அவளைவிட யாருக்கு நன்றாய்த் தெரியும்?